நோகேல்லை என்று அம்மா சொன்ன அன்று

அம்மாவின் வெள்ளைக் காலுறையில், சுண்டுவிரல் பக்கம், ஐந்து சதக் காசளவில் ஒரு மஞ்சள் கறை. உடுப்புத் தோய்க்கப் போடும்போதுதான் கண்டேன். கறி சிந்தியிருக்கும் என்று நினைத்து மோந்து பார்த்தேன். கறி மணம் இல்லை.

"அம்மா, காலில என்ன?"

"ஒண்டுமில்லை பிள்ளை. ஆணிக்கு பிளாஸ்டர் ஒட்டினனான். நோகேல்லை."

அந்த "நோகேல்லை"யைக் கேட்டு நான் நிம்மதியாகி இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து அப்போது 19 வருடம். அப்படிப்பட்ட ஒருவர் காலில் கசிவு இருக்கும்போது நோகவில்லை என்று சொன்னால் அதற்குத்தான் முதலில் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுரோவில், எங்கள் ஆட்களின் வீடுகளில் சீனி வருத்தக் குளிசை இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்த வீடுகளில் காலைப் பார்க்கும் வழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் நானே சொக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டரைச் சுற்றித் தோல் வெள்ளையாக ஊறி, நீரில் கிடந்த சோற்றுப் பருக்கை போல மெத்தென்று இருந்தது. ஆறு நாளாக மாற்றாமல் ஒட்டியிருந்திருக்கிறார். மருந்துக் கடைகளில் விற்கும் ஆணிப் பிளாஸ்டர்களின் நடுவில் பெரும்பாலும் சலிசிலிக் அமிலம் இருக்கும். தடித்த தோலைக் கரைப்பதுதான் அதன் வேலை. எது ஆணி, எது நல்ல தோல் என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் கரைக்கும். உணர்ச்சி உள்ள காலென்றால் எரியும், நாங்கள் பிய்த்து எறிந்துவிடுவோம். அம்மாவுக்கு எரியவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் பாவிக்கக் கூடாது என்று பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வாங்கிக் கொடுத்த நானும் வாசிக்கவில்லை.

குடும்ப வைத்தியரின் அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். அன்றைக்கே ஒரு கைரோபொடிஸ்டிடம் காட்டச் சொன்னார்கள். முதுகெலும்பு பார்க்கும் கைரோபிராக்டர் என்றுதான் என் காதில் விழுந்தது. எங்கள் ஆட்கள் பலருக்கும் இந்த மயக்கம் இருக்கிறது. கைரோபொடிஸ்ட் என்பவர் பாதத்துக்கு மட்டும் வைத்தியம் செய்பவர். ஒன்ராறியோவில் இது சட்டப்படி பதிவு பெற்ற தொழில், 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பட்டப்படிப்பை முடித்தபிறகு ரொறன்ரோவில் உள்ள மிச்செனர் நிலையத்தில் மூன்று வருடம் படித்து வருகிறார்கள். வேறு நாடுகளில் பொடியாட்ரிஸ்ட் என்ற பெயர்தான் அதிகம் புழங்குகிறது. இங்கேயும் அந்தப் பெயரில் சிலர் இருக்கிறார்கள், ஆனால் 1993க்குப் பிறகு அந்தப் பிரிவில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை. ஆகவே நீங்கள் சந்திக்கப் போவது பெரும்பாலும் கைரோபொடிஸ்ட்தான். போவதற்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நேரே அழைத்து நேரம் எடுக்கலாம்.

அன்று பின்னேரமே ஓர் இடத்தில் நேரம் கிடைத்தது. முப்பது வயதுகூட இராத ஒரு பெண். அம்மாவின் கதிரையை உயர்த்தி, தான் ஒரு சின்ன ஸ்டூலில் கீழே அமர்ந்து, காலைத் தன் மடிக்கு அருகில் எடுத்தார். அம்மா சடாரென்று காலை இழுத்துக்கொண்டார். "படிச்ச பிள்ளை, என்ர காலைத் தொட விடுறது பாவம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கால்களைப் பார்க்கத்தான் நான் படித்தேன் என்று சொல்லுங்கள்" என்றார். அம்மா மெல்லக் காலை நீட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அவர் காலைத் தொடும்போது அம்மா தன் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். அந்தப் பெண்ணும் இரண்டாம் முறையிலிருந்து பதிலுக்குத் தன் நெஞ்சில் கை வைத்தார்.

அவர் முதலில் பார்த்தது சப்பாத்தை. உள்ளே கை விட்டுத் துழாவினார், அடித்தகட்டை வெளியே எடுத்து அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு அம்மாவை ஒரு வெள்ளைத் தாளில் எழும்பி நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல் சப்பாத்தை வைத்தார். சுண்டுவிரல் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு வெளியே தெரிந்தது. அவ்வளவு அகலமான காலை அம்மா நாலு வருடமாக அந்தச் சப்பாத்துக்குள் திணித்து நடந்திருக்கிறார். ஆணி எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் விளக்க வேண்டி இருக்கவில்லை.

பிறகு பாதத்தின் மேலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்த்தார். ஒரு சின்னக் கருவியை வைத்தபோது இரத்தம் ஓடும் சத்தம் "ஷ்வூ, ஷ்வூ" என்று கேட்டது. அம்மாவின் முகம் மலர்ந்தது. வயிற்றுப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றார். இரத்த ஓட்டம் பரவாயில்லை. அடுத்தது நைலோன் நூல் சோதனை. தூண்டில் நூல் போன்ற ஒன்றை ஒரு பிடியில் பொருத்தியிருப்பார்கள், சரியாக 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். உணர்ந்தால் "ஓம்" சொல்ல வேண்டும். பெருவிரலின் அடியில் நூல் வில்லாக வளைந்து நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இடத்திலும் வளைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடியபடியே கேட்டார்: "பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆணியை அவர் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊர் வழக்கத்தில் அப்பா சுடுநீரில் காலை ஊறவைத்துச் சவரப் பிளேட்டால் சீவுவார், பலமுறை இரத்தம் வந்திருக்கிறது. இவர் ஊறவைக்கவில்லை. அறுவைக் கத்தியைப் பென்சிலைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் தடித்த தோலை மெல்லிய சுருளாக, தேங்காய்ச் சொட்டைச் சீவுவதுபோல, தட்டுத் தட்டாக எடுத்தார். ஆணி என்பது தடித்த தோல்தான். ஒரே இடத்தில் எலும்பும் சப்பாத்தும் தோலை நெரித்துக்கொண்டிருந்தால் தோல் தன்னைக் காக்கத் தடிக்கும். அந்தத் தடிப்பே நடுவில் கூம்பாக இறுகி உள்ளே குத்தத் தொடங்கும். அந்தக் கூம்பை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு நோவு அந்த இடத்திலேயே குறைந்துவிடும். "வேரோடு பிடுங்க வேண்டும்" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஆணிக்கு வேர் கிடையாது. நெரிசல் தீராவிட்டால் எத்தனை தரம் எடுத்தாலும் திரும்பி வரும்.

அம்மாவுக்கு அந்தத் தடிப்புக்குக் கீழே ஒரு குழி இருந்தது. மிளகளவு. மேலே தோல் மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை, காலுறையில் கசிந்தது அதிலிருந்துதான். முனை மழுங்கிய ஒரு கம்பியால் மெல்ல ஆழம் பார்த்தார். எலும்பில் தட்டுப்பட்டால் எலும்பிலும் கிருமி ஏறியிருக்கலாம், கதை வேறாகிவிடும். தட்டுப்படவில்லை. உப்பு நீரால் கழுவிக் கட்டுப் போட்டார். புண்ணைச் சுற்றி அழுத்தம் படாதபடி தடித்த கம்பளித் துணியில் துளை வெட்டி ஒட்டினார், அளவான திறந்த செருப்பு ஒன்று தந்தார். எக்ஸ்ரே எடுக்கும்படி குடும்ப வைத்தியருக்கும் எழுதினார். சிவப்பு பரவினால், கால் சூடாகி வீங்கினால், காய்ச்சல் வந்தால், மறுநாள்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். இன்னொன்றையும் சொன்னார், நான் அதை எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சீனி வருத்தக்காரரின் பாதம் காரணம் தெரியாமல் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், நோவு இல்லாவிட்டாலும், புண்ணே இல்லாவிட்டாலும், அதே நாளில் காட்ட வேண்டும். உணர்ச்சி இழந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

மிளகளவு புண் ஆற 9 கிழமை எடுத்தது. கிழமைக்கு ஒருமுறை போனோம். சீனியையும் இறுக்கிப் பிடித்தோம், சீனி ஏறியிருந்தால் புண் ஆறாது. ஒன்பது கிழமையும் அம்மா அடுப்படியில் நிற்கக் கூடாது என்பதுதான் வீட்டில் பெரிய போராட்டமாக இருந்தது.

அம்மாவுக்காகப் போய்வந்ததில் எங்கள் வீட்டுக் கால்கள் எல்லாம் வரிசையாக அந்தக் கதிரையில் ஏறின.

எனக்குக் குதிக்கால் நோவு. பேக்கரித் தொழிற்சாலையில் சீமெந்துத் தரையில் நாளுக்குப் பத்து மணித்தியாலம் நிற்கிறேன். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதியில் ஆணி அறைந்தாற்போல இருக்கும், பத்து அடி நடந்தால் குறையும், மாலையில் திரும்ப ஏறும். "குதி எலும்பு வளர்ந்திருக்கு" என்று வேலையிடத்தில் எல்லாரும் சொன்னார்கள். எலும்பு முள் எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் பெரும்பாலும் நோவுக்குக் காரணம் அதுவல்லவாம். குதியிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு, இழுபட்டு இழுபட்டு நொந்துபோயிருக்கிறது. வைத்தியம் என்று தந்தது பெரும்பாலும் பயிற்சிதான். கட்டிலைவிட்டு இறங்குமுன் கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கம் இழுத்து அரை நிமிடம் வைத்திருப்பது, சுவரில் கை ஊன்றிப் பின்னங்காலின் கெண்டைச் சதையை நீட்டுவது, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தின் கீழ் உருட்டுவது. வீட்டிலும் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்றார். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. விடாமல் செய்தேன். ஐந்தாம் மாதம் ஒருநாள் காலையில் தேத்தண்ணி போட்டு முடித்த பிறகுதான், நோவில்லாமல் குசினிவரை வந்திருக்கிறேன் என்று கவனித்தேன்.

சப்பாத்துக்குள் வைக்க அளவெடுத்துச் செய்யும் பாத அணைகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவை சிலருக்கு மிகவும் உதவும், அம்மாவுக்குப் புண் ஆறிய பிறகு அவைதான் காவல். ஆனால் வேலையிடத்துக் காப்புறுதி காசு தருகிறதே என்பதற்காக எல்லாரும் ஒரு சோடி எடுப்பது சரியில்லை. முதல் ஐந்து நிமிடத்திலேயே, காலைச் சரியாகத் தொட்டுப் பார்க்காமல், அணைக்கு அளவெடுக்கத் தொடங்கும் இடமென்றால் நான் எழும்பி வந்துவிடுவேன். எனக்குக் கடையில் வாங்கிய சாதாரண அணையே போதும் என்று அந்தப் பெண்தான் சொன்னார்.

மகனுக்கு உள்வளர்ந்த நகம். அவனுக்குப் பதினைந்து வயது, கால்பந்துச் சப்பாத்து இறுக்கம், நகத்தின் மூலையை வளைத்து ஆழமாக வெட்டும் பழக்கம் வேறு. பெருவிரல் ஓரம் சிவந்து சதை பொங்கிச் சீழ் வைத்துவிட்டது. விரலின் அடியில் இரண்டு பக்கமும் விறைப்பு ஊசி போட்டார்கள். அந்த ஊசி மட்டும் நோகும், அவன் என் கையை நசுக்கிவிட்டான். விரலடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டு இரத்தத்தை நிறுத்தி, நகத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் அடிவரை வெட்டி இழுத்து எடுத்தார்கள். முழு நகத்தையும் எடுப்பார்கள் என்று பயந்திருந்தேன், அப்படி இல்லை. அந்தக் கீற்று திரும்ப முளைக்காமல் இருக்க அதன் முளையிடத்தில் பீனோல் தடவினார்கள். வெட்டி எடுத்த துண்டைப் பார்த்தேன், உள்ளே குத்திக்கொண்டிருந்த பக்கம் மீன் முள் போலக் கூராக இருந்தது. சில கிழமை கசிந்து ஆறியது. அதற்குப் பிறகு நகத்தை நேர்கோடாக வெட்டுகிறான், மூலைகளைத் தோண்டுவதில்லை.

நகப் பூஞ்சணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மஞ்சளாகத் தடித்து உதிரும் நகம் எல்லாம் பூஞ்சணம் அல்ல. மருந்து தொடங்குமுன் ஒரு துண்டை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. பூஞ்சணம்தான் என்றாலும் பொறுமை வேண்டும். கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும், மருந்து வேலை செய்தாலும் கண்ணுக்குத் தெரிய நாளெடுக்கும். உள்ளங்கால் மருவை ஆணி என்று நினைத்துக் கிண்டுபவர்களும் உண்டு. நேரே அழுத்தினால் நோவது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் நோவது, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிவது மரு. அது வைரஸ், வீட்டில் மற்றவருக்கும் தொற்றும். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு நல்லது, 25 சதவீதம் உள்ளதை எங்களுக்குச் சொன்னார். இரவில் பூசிச் சொக்ஸ் போட்டுப் படுக்கலாம். ஆனால் விரல் இடுக்குகளில் எந்தக் களிம்பும் பூசக் கூடாது, அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் பிடிக்கும்.

காசு விடயம். கைரோபொடிஸ்டுக்கு ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு கட்டாது. வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் பெரும்பாலும் ஒரு தொகை வரும். அதுவும் இல்லாத முதியவர்களுக்கு, சில சமூக சுகாதார நிலையங்களில் சீனி வருத்தக்காரரின் கால்களை இலவசமாகப் பார்க்கிறார்கள். காத்திருப்புப் பட்டியல் இருக்கும், அதனால் புண் வருமுன்னரே பெயரைப் பதிந்து வையுங்கள். ஒரு பிரச்சினையும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த நூல் சோதனை செய்ய வேண்டும். உங்கள் குடும்ப வைத்தியரே செய்யலாம். செய்யாவிட்டால் நீங்களே சொக்ஸைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்து அவருக்காகக் காத்திருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவின் கால் பார்க்கும் நேரம். அம்மாவால் குனிந்து பார்க்க முடியாது, கண்பார்வையும் குறைவு. நான் இல்லாத நாளில் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைப் பிடித்துப் பார்க்கிறார். குளிக்குமுன் தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்க்கிறார், காலை நம்புவதில்லை. சப்பாத்துப் போடுமுன் உள்ளே கை விட்டுப் பார்க்கிறார். ஒருமுறை பேத்தியின் தோட்டுத் திருகாணி ஒன்று உள்ளே இருந்தது. புதுச் சப்பாத்தைப் பின்னேரத்தில்தான் வாங்குகிறோம், கால் அப்போதுதான் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். அந்தத் தாளில் போட்ட கோட்டை வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்க்கிறேன். தாள் மடிந்தால் அந்தச் சோடி வேண்டாம்.

வீட்டுக்குள் செருப்பு என்பதுதான் அம்மாவுக்குக் கடினமாக இருந்தது. சாமிப்படம் இருக்கும் வீட்டில் எப்படி? வெளியே ஒருநாளும் போகாத, வீட்டுக்கென்றே வாங்கிய மூடிய செருப்பு ஒரு சோடி என்று சமாதானம் செய்தேன். சாமியறை வாசலில் அதைக் கழற்றிவிட்டு, உள்ளே விரித்த கம்பளத்தில் நிற்கிறார்.

கோயில் அதைவிடப் பெரிய கேள்வி. இங்கே தேர்த் திருவிழா கோடையில் வரும். கோயில் வீதியாகத் தேர் ஓடுவது வாகனத் தரிப்பிடத்துத் தார்மேல். மதிய வெயிலில் அந்தத் தாரில் வெறுங்காலோடு சுற்றி வந்து, வீட்டுக்குப் போன பிறகுதான் உள்ளங்காலில் கொப்புளம் கண்டவர்களை எனக்குத் தெரியும். சூடு தெரிந்தவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடுகிறார்கள். தெரியாதவர்கள் பக்தியோடு நின்று வடம் பிடிக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டோம். கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லாமல், தடித்த அடி வைத்த சொக்ஸ் போட்டு நிழலில் மட்டும் நிற்கலாமா என்று பார்க்கச் சொன்னார், தார் சுடும் நேரத்தில் அதுவும் போதாது என்றார். ஐயரிடம் போய் விடயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அம்மாவைச் சொக்ஸோட வரச் சொல்லுங்கோ" என்றார்.

சென்ற வருடத் தேருக்கு அம்மா சாம்பல் நிறத் தடித்த சொக்ஸோடு வந்தார். வடம் பிடிக்கவில்லை. கூடாரத்து நிழலில் கதிரை போட்டு இருந்தபடி தேரைக் கும்பிட்டார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பக்கத்துக் கதிரையில் அம்மாவின் வயதில் ஒரு அம்மா, காற்சதையைத் தடவிக்கொண்டு இருந்தார். வெறுங்கால், சுண்டுவிரலில் ஒரு பிளாஸ்டர்.

"அக்கா, உங்களுக்குச் சீனி இருக்கோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அது நோகுதோ? நோகேல்லையெண்டால் கழட்டுங்கோ, என்ர பிள்ளை பாக்கட்டும்."